எகிப்தில் 12 நாள்: எதை விடுவது, கடலை எங்கே வைப்பது?

டிசம்பர் கடைசியில் 12 நாள் விடுப்பு; உடன் வருபவர்கள் மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. கெய்ரோ, அலெக்சாந்திரியா, லக்சர், அஸ்வான், அபு சிம்பல், ஷர்ம் எல் ஷேக், ஹுர்காதா என்று ஏழு ஊர்களை எழுதி, இவற்றை எந்த வரிசையில் பார்ப்பது, நைல் கப்பல் பயணம் அவசியமா, கடற்கரைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது, அம்மாவால் இதெல்லாம் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று படுகிறது: இந்த ஏழில் எதை விட்டால் ஊர் திரும்பிய பிறகு மனம் உறுத்தாது?

நான் படித்தது கல்வெட்டியல்; பிழைப்பு சுற்றுலாவில் அமைந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் குடும்பங்களுக்கும் சிறு குழுக்களுக்கும் எகிப்துப் பயணம் அமைத்துத் தருகிறேன், பெரும்பாலும் உடன் போகவும் செய்கிறேன். ஆகவே கீழே சொல்வதில் வழி, தூரம், பருவம், கோயில்களின் அமைப்பு ஆகியவற்றை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். விசா விதிகள் கடவுச்சீட்டைப் பொறுத்து வேறுபடுவதால் அதைத் தூதரகத்தில்தான் கேட்க வேண்டும். அம்மாவின் முழங்காலும் இதயமும் எவ்வளவு தாங்கும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் எத்தனை படி, எவ்வளவு நடை என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். அலெக்சாந்திரியாவை விடுங்கள், ஷர்ம் எல் ஷேக்கையும் விடுங்கள். இரண்டும் நல்ல ஊர்கள்தான். உங்கள் வழியில் இல்லை என்பதே காரணம். எகிப்தின் வரைபடத்தை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்கும்: நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, அதனால்தான் தெற்குப் பகுதிக்கு மேல் எகிப்து என்று பெயர், அஸ்வான் தெற்கே, லக்சர் இடையில், கெய்ரோ வடக்கே. லக்சரிலிருந்து கிழக்கே பாலைவனத்தைக் குறுக்கே கடந்து சஃபாகா வழியாக ஹுர்காதாவுக்கு ஒரு சாலை போகிறது. சுமார் 290 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குச் சற்று கூடலாம். ஷர்ம் எல் ஷேக்கோ சினாய் முனையில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. லக்சரிலிருந்து அங்கே போகப் பெரும்பாலும் கெய்ரோவுக்குத் திரும்பி வேறு விமானம் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு பகல் போய்விடும். சினாய் மலை ஏற வேண்டும், அதன் அடிவாரத்தில் 6ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் புனித கேத்தரின் மடாலயத்தைப் பார்க்க வேண்டும், ராஸ் முகமது காப்பகத்தில் முக்குளிக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் ஷர்முக்குத் தனியாக ஒரு முறை போவதே நல்லது. அலெக்சாந்திரியாவில் நீங்கள் தேடிப்போகும் கலங்கரை விளக்கமும் இல்லை, பழைய நூலகமும் இல்லை; கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 15ஆம் நூற்றாண்டின் காயித்பே கோட்டை நிற்கிறது, நூலகத்தின் பெயரில் 2002இல் திறந்த புதிய கட்டடம் இருக்கிறது. கெய்ரோவிலிருந்து போய்வர ஆறு மணி நேரம் சாலையில் கழியும். அந்த ஆறு மணி நேரத்தை, கெய்ரோ அருகே பழைய பிரமிடுகள் நிற்கும் சக்காராவில் கழிக்கலாம்.

அப்படியானால் வரிசை இது. இறங்கும் நாள் கெய்ரோவில் ஓய்வு மட்டும். இரண்டாம் நாள் சக்காராவும் தஹ்ஷூரும், மூன்றாம் நாள் கீசா பிரமிடுகளும் புதிய பெரிய அருங்காட்சியகமும். நான்காம் நாள் காலை விமானத்தில் அஸ்வான். அன்றே கப்பலில் ஏறி, பிற்பகலில் ஃபிலே கோயில். ஐந்தாம் நாள் விடியற்காலை அபு சிம்பல் போய்வந்து, மாலை கோம் ஓம்போ கோயில். ஆறாம் நாள் எட்ஃபு கோயில். ஏழாம் நாள் லக்சரில் கப்பலை விட்டு இறங்கி, அங்கே இரண்டு இரவு. ஒன்பதாம் நாள் தெந்தேரா கோயில் வழியாகச் செங்கடல். கரையில் மூன்று இரவு. பன்னிரண்டாம் நாள் ஹுர்காதாவிலிருந்து விமானத்தில் கெய்ரோ வந்து, அங்கிருந்து ஊர். அபு சிம்பல் தவிர, வந்த வழியே திரும்புவது இதில் எங்கும் இல்லை.

கடலைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்கு என் பட்டறிவே காரணம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழுவுக்குக் கடலை முதலில் வைத்தேன். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு மூன்று நாள் ஓய்வெடுத்துவிட்டு உற்சாகமாகக் கோயில் பார்க்கட்டும் என்பது கணக்கு. நடந்தது வேறு. மூன்று நாள் மணலில் படுத்துப் பழகியவர்களில் பாதிப் பேர், விடியலில் நான்கு மணிக்குப் பேருந்து கிளம்பும் என்றதும் அறையை விட்டே வரவில்லை. வந்தவர்களுக்குத் தோள்பட்டை வெயிலில் உரிந்து, லக்சரில் கர்நாக் கோயிலின் திறந்த முற்றத்தில் நிற்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு முறைகூட வரிசையை மாற்றியதில்லை. கடைசியில் வைப்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு: உங்களில் யாராவது ஆக்சிஜன் உருளை கட்டி முக்குளிப்பதாக இருந்தால், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும், பெரும்பாலான பயிற்சியாளர்கள் 24 மணி நேரம் என்பார்கள். (உருளையில் இருப்பது சாதாரண அழுத்தக் காற்றுதான், ஆனால் எல்லோரும் ஆக்சிஜன் உருளை என்றே சொல்கிறார்கள்.) ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழாக வெளியேறினால் உயிருக்கே ஆபத்தாகலாம். பன்னிரண்டாம் நாள் பிற்பகல் விமானம் என்றால், பதினோராம் நாள் காலையோடு முக்குளிப்பை முடித்துவிடுங்கள். நீர்மட்டத்தில் மிதந்து, குழாய் வழியே மூச்சுவிட்டுப் பவளப்பாறை பார்ப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை; கடைசி மணி வரை பார்க்கலாம்.

பருவத்தில்தான் உங்கள் திட்டத்தின் உண்மையான சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. கோயில்களுக்கு ஏற்ற காலமும் கடலுக்கு ஏற்ற காலமும் ஒன்றல்ல. டிசம்பரில் லக்சரின் பகல் இதமாக இருக்கும், 23 டிகிரி அளவில். கோடையில் அதே இடம் 40ஐத் தாண்டும், அப்போது அரசர்களின் கல்லறைகள் குடைந்த அரசர் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகள் அடுப்புக் கல்போல் கொதிக்கும். ஆனால் டிசம்பர் கடைசியில் ஹுர்காதாக் கடல் குளிர ஆரம்பித்துவிடும், வடக்கிலிருந்து வீசும் காற்று கரையில் ஈர உடம்போடு நிற்க விடாது. நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு அந்த நீர் முதல் இரண்டு நிமிடம் திகைப்பைத் தரும். இரண்டும் ஒத்துவரும் காலம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய. மார்ச்சு, ஏப்ரலும் பரவாயில்லை, ஆனால் அப்போது கம்சீன் என்ற சூடான புழுதிக் காற்று இரண்டொரு நாள் எல்லாவற்றையும் மூடிவிடக்கூடும். பள்ளி விடுமுறையால் டிசம்பர்தான் முடியும் என்றால் போங்கள்; மகளுக்கு மெல்லிய ரப்பர் நீச்சல் உடை ஒன்றை அங்கேயே வாடகைக்கு எடுங்கள், சூடேற்றிய நீச்சல் குளம் உள்ள விடுதியா என்று முன்பதிவுக்கு முன் கேளுங்கள். வசதிப்பட்டால் இன்னும் தெற்கே இருக்கும் மர்சா அலம் பக்கம் போகலாம். அங்கே நீர் சற்று இதமாக இருக்கும், கடலாமைகள் புல் மேயும் விரிகுடாக்களும் உண்டு. ஆனால் லக்சரிலிருந்து பயணம் நீளும், அம்மாவுக்காக நான் அதைச் சொல்லத் தயங்குகிறேன்.

கெய்ரோவில் எல்லோரும் கீசாவுக்கு முதலில் ஓடுவார்கள். நீங்கள் சக்காராவிலிருந்து தொடங்குங்கள். கி.மு. 27ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜோசர் அரசனுக்காக எழுந்த படிப் பிரமிடு அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, தஹ்ஷூரில் ஸ்னெஃப்ரு கட்டும்போதே பாதி உயரத்தில் சாய்வைக் குறைக்க நேர்ந்த வளைந்த பிரமிடையும், அதற்குப் பிறகு அவனே கட்டிய சிவப்புப் பிரமிடையும் பார்த்தால், அவன் மகன் கூஃபு கீசாவில் கட்டிய 146 மீட்டர் மலை வானத்திலிருந்து விழவில்லை, மூன்று தலைமுறை தவறிக் கற்றது என்பது பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். சக்காராவில் அதிகாரிகளின் கல்லறைகளுக்குள் கட்டாயம் போங்கள். தீ என்பவரின் கல்லறை திறந்திருந்தால், மாடுகள் ஆற்றைக் கடக்கும் சிற்ப வரிசையைத் தேடுங்கள். முதலில் போகும் இடையன் ஒரு கன்றுக்குட்டியை முதுகில் சுமந்துகொண்டு நீரில் இறங்குகிறான். கன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்த்துக் கத்துகிறது. தாய் கன்றைத் தொடர, மந்தை தாயைத் தொடர்கிறது. மாடு மேய்த்த யாருக்கும் தெரிந்த உத்தி இது. நாலாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சுவரில் பார்க்கும்போது வழிகாட்டியின் விளக்கமே தேவைப்படாது.

கீசாவில் கூஃபு பிரமிடுக்குள் போவதற்குத் தனிச் சீட்டு. உள்ளே குனிந்துதான் ஏற வேண்டும், காற்று கனமாக இருக்கும், மேலே சென்றால் வெறும் கருங்கல் அறையும் மூடியில்லாத பெட்டியும் மட்டுமே. அம்மாவுக்கு வேண்டாம், மகள் கேட்டால் நீங்களோ உங்கள் மனைவியோ யாராவது ஒருவர் கூட்டிப் போங்கள். அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கட்டியவர்களின் கல்லறைகள் பிரமிடுகளுக்குத் தெற்கே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. 2013இல் செங்கடற்கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் துராச் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் கீசாவுக்குக் கொண்டுவந்த நாட்குறிப்பே இருக்கிறது. கல்லை எப்படி அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினார்கள் என்பதில்தான் இன்றும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு. சரிவுப் பாதை என்பதில் ஒப்புதல் உண்டு, அது நேராக இருந்ததா சுற்றி வந்ததா என்பதில் இல்லை. எந்த வழிகாட்டி அதை அடித்துச் சொன்னாலும் அது அவருடைய கட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகம் பற்றி ஒரு திருத்தம்: பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அரசன் துத்தன்காமுனின் பொன் முகமூடியைத் தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்தில் தேடாதீர்கள். கீசா அருகே 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பெரிய அருங்காட்சியகத்தில், அவனுடைய கல்லறைப் பொருள்கள் ஐயாயிரத்துக்கும் மேல் ஒரே இடத்தில் இருக்கின்றன. கூஃபுவின் மரக்கப்பலும் அங்கேதான். நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அரசர்களின் மம்மிகள் மட்டும் 2021 ஏப்ரலில் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. மகளுக்கு மம்மி பார்க்க ஆசை இருந்தால், ஊர் திரும்பும் நாளில் கெய்ரோவில் நேரம் இருக்கும்படி விமானத்தை அமைத்து அதைப் பாருங்கள்.

கப்பல் அவசியமா என்றால், பார்ப்பதற்கு அவசியமில்லை, அம்மாவுக்கு அவசியம். அஸ்வானிலிருந்து லக்சருக்குக் காரில் வழியில் இரண்டு கோயிலும் பார்த்து ஒரே நாளில் வந்துவிடலாம். கப்பலில் மூன்று இரவுக்கும் பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும், களைத்தவர் மேல்தளத்தில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விளம்பரப் படங்களில் சொல்லாத இரண்டு விஷயங்கள்: கரையில் கப்பல்கள் நான்கைந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், உங்கள் அறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் சன்னல் தெரியும், கரையேற மூன்று கப்பல்களின் முன்கூடத்தைக் கடந்து போக வேண்டியிருக்கும், இடையில் இருக்கும் பலகையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல்களை நீர்மட்டம் மாற்றிக் கடத்திவிடும் இஸ்னா மதகில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பது அன்றைய நெரிசலைப் பொறுத்தது, அதற்கு யாரும் உறுதி தர முடியாது. எட்ஃபுவில் எல்லாக் கப்பல்களும் ஒரே வேளையில் வந்து இறங்கும். அந்த நெரிசல்தான் எகிப்தில் எனக்குப் பிடிக்காத ஒரே அரை மணி நேரம், ஆனால் கி.மு. 237இல் தொடங்கி 180 ஆண்டு கட்டிய, இன்று வரை கூரை குலையாத கோயில் அது, தாங்கிக்கொள்ளலாம்.

அபு சிம்பல் அஸ்வானுக்குத் தெற்கே சுமார் 280 கிலோமீட்டர். விடியலில் நான்கு மணிக்குக் கிளம்பிப் பகல் ஒரு மணிக்குமேல் திரும்ப வேண்டும். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. அம்மாவுக்கு அது கடினம் என்றால் விமானமும் இருக்கிறது, அல்லது அவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டு நீங்கள் மூவர் போகலாம். போகலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களிடம் நான் எப்போதும் போகச் சொல்வேன். இரண்டாம் ராம்செஸின் 20 மீட்டர்ச் சிலைகள் ஒரு காரணம். இன்னொன்று, அஸ்வான் உயர் அணை எழுந்தபோது அந்த மலையையே துண்டு துண்டாக அறுத்து, 1964 முதல் 1968 வரை 65 மீட்டர் உயரே தூக்கி மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். பெரிய சிலைகளின் உடலில் அறுத்த கோடுகளைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. டிசம்பரில் அந்த விடியல் குளிராக இருக்கும்; போர்வை கொண்டுபோங்கள்.

லக்சரில் இரண்டு நாளும் குறையக் கூடாது. கிழக்குக் கரையில் கர்நாக், லக்சர் கோயில் இரண்டும் ஏறக்குறைய சமதளம். சக்கர நாற்காலியிலேயே அம்மா பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். கர்நாக்கின் 134 தூண் மண்டபத்தை வாசல் திறக்கும் வேளையில் பாருங்கள், லக்சர் கோயிலை விளக்கேற்றிய பிறகு. மேற்குக் கரைக்கு இரண்டு காலை ஒதுக்குங்கள். அரசர் பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகளுக்குள் போகலாம். துத்தன்காமுன், முதலாம் செத்தி, ஆறாம் ராம்செஸ் மூவருக்கும் தனித்தனிச் சீட்டு. எவை திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், வண்ணங்களைக் காக்கச் சிலவற்றை அவ்வப்போது மூடி வைக்கிறார்கள். அம்மாவுக்கு ஏற்றது நான்காம் ராம்செஸின் கல்லறை: வாசலுக்கு அருகில், அகலமான வழி, மெல்லிய சரிவு, முழுச் சுவரும் வண்ணம். மூன்றாம் துத்மோஸ் கல்லறைக்குச் செங்குத்தான இரும்புப் படி ஏறி, பிறகு உள்ளே இறங்க வேண்டும். அங்கே அவரைக் கூட்டிப் போகாதீர்கள். காசு கொடுத்து ஒரு தனிக் கல்லறைதான் பார்ப்பதென்றால், துத்தன்காமுனைவிட ஆறாம் ராம்செஸையே நான் சொல்வேன். துத்தன்காமுன் கல்லறையில் அவனுடைய உடல் இன்றும் இருக்கிறது, அது மனதை அசைப்பதுதான். ஆனால் இடம் சின்னது, ஓவியம் ஒரே அறையில்.

கூட்டம் போகாத இடம் ஒன்று வேண்டுமானால் தேர் அல் மதீனா. அரசர் கல்லறைகளைக் குடைந்து வரைந்த தொழிலாளர்கள் குடியிருந்த ஊர் அது. வீடுகளின் அடிச்சுவர் இன்றும் வரிசையாக நிற்கிறது. கூலித் தானியம் வராததால் மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் இவர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்ததைப் பாப்பிரஸ் ஒன்று பதிவு செய்கிறது. எழுத்தில் கிடைக்கும் முதல் வேலைநிறுத்தமாக அதைக் கருதுகிறார்கள். அரசனுக்கு வரைந்த அதே கைகள் தங்களுக்கும் கல்லறை வரைந்துகொண்டன. சென்னெஜம் என்பவரின் கல்லறைக்குக் குறுகிய படியில் குனிந்து இறங்கினால், ஒரு வண்டிக்கூண்டு அளவே ஆன வளைந்த அறை. சுவரில் அவரும் மனைவியும் வெள்ளை ஆடை உடுத்து மறுவுலக வயலில் வேலை செய்கிறார்கள், அவர் புள்ளி மாடு பூட்டி உழுகிறார், அவள் பின்னால் விதைக்கிறாள். மஞ்சள் பூச்சின்மேல் கருப்புக் கோடு நேற்றுக் காய்ந்ததுபோல் இருக்கும். அந்தப் பக்கத்துச் சிறு கல்லறைகளில், விளக்கு போதாதபோது காவலாளி வெளியே வெயிலில் கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்து, ஒளியைப் படி வழியாக உள்ளே பாய்ச்சியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அவர் எதிர்பார்க்கும் சிறு தொகையைத் தாராளமாகக் கொடுங்கள்.

ஹத்ஷெப்சுத் அரசியின் தேர் அல் பஹ்ரி கோயிலில் உங்கள் பயணத்தின் இரண்டு பாதிகளும் சேர்கின்றன. இரண்டாம் தளத்தின் இடப்பக்கத் தாழ்வாரத்தில், அவள் செங்கடல் வழியாகத் தெற்கே பூந்த் நாட்டுக்கு அனுப்பிய கப்பல்களின் சிற்பம் இருக்கிறது. வாசனைப் பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் காவடிபோல் சுமந்து வருகிறார்கள். எல்லோரும் கப்பலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கப்பலுக்குக் கீழே அலைக்கோடுகளுக்கு நடுவே மீன்கள் இருக்கின்றன, சிங்கி இறாலும் கணவாயும்கூட. அவற்றில் பலவற்றை மீனியலாளர்கள் செங்கடல் இனங்களாக அடையாளம் கண்டிருக்கிறார்கள். மகளை அவற்றைப் படம் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து முகக்கண்ணாடி மாட்டிக் குனியும்போது அவளுக்குத் தேட ஒரு பட்டியல் இருக்கும்.

கடலுக்குப் போகும் வழியில் லக்சருக்கு வடக்கே 60 கிலோமீட்டர் தூரத்தில் தெந்தேரா ஹாத்தோர் கோயில். கரி படிந்த கூரையைச் சுத்தம் செய்து நீலத்தை மீட்டிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்கலாம். இந்தக் கோயிலில் இருந்த இராசிச் சக்கரச் சிற்பத்தின் மூலம் பாரிசில் இருக்கிறது, இங்கே இருப்பது நகல். ஒன்றரை மணி நேரம் போதும், சாலையும் அதே திசைதான்.

செங்கடற்கரையில் தமிழர்களுக்கென்று ஒரு செய்தி உண்டு. சஃபாகாவுக்குத் தெற்கே குசைர் என்ற ஊர். அதற்கு 8 கிலோமீட்டர் வடக்கே பழைய குசைர், ரோமானியர் காலத்து மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகம். அங்கே கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று கீறியிருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள் கொண்டார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். இன்னும் தெற்கே பெரெனிக்கேயில் ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியப் பானையில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இதைச் சொல்லிவிட்டு உங்களை அங்கே அனுப்ப நான் தயார் இல்லை: பழைய குசைரில் இன்று பார்க்க இருப்பது மேடும் மணலும்தான், கல்வெட்டியல் பித்து உள்ளவர்கள் மட்டுமே அரை நாளைச் செலவழிப்பார்கள். நான் செலவழித்திருக்கிறேன்.

கடலில் கவனிக்க வேண்டியவை சில. ஹுர்காதா நகரக் கரையில் பவளம் பெரிதாக இல்லை, படகில் கிஃப்தூன் தீவுகள் பக்கம் போக வேண்டும். தெற்கே மகாடி, சோமா விரிகுடா, சஃபாகா பக்கத்து விடுதிகளில் பல இடங்களில் கரையிலிருந்தே, அல்லது மரப்பாலத்தின் முனையில் இறங்கியே பாறையைப் பார்க்கலாம். அம்மாவும் மகளும் உடன் இருப்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பவளத்தின்மேல் கால் வைக்கக் கூடாது. உடைந்தது வளரப் பல ஆண்டு ஆகும், உங்கள் காலுக்கும் கல்மீனும் கடல் முள்ளெலியும் காத்திருக்கும், அதனால் ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் துறைமுகம் படகுகளை விடாது. காசு கட்டியாயிற்றே என்று வாதாடாதீர்கள். 2024 நவம்பரில் மர்சா அலம் அருகே சுற்றுலாப் படகும், 2025 மார்ச்சில் ஹுர்காதாவில் சுற்றுலா நீர்மூழ்கியும் மூழ்கி உயிர்கள் போயிருக்கின்றன. உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று ஏறியதும் கேளுங்கள். காட்டத் தயங்கும் படகிலிருந்து இறங்கிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெரிய நினைவிடங்களின் சீட்டுக் கவுண்டர்களில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டை வேண்டும். இரண்டு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு விலை அடிக்கடி ஏறுவதால் நான் இங்கே எண் எழுதவில்லை. சில்லறை நோட்டுகள் எப்போதும் பையில் இருக்கட்டும். கழிப்பறை முதல் காவலாளி வரை சிறு அன்பளிப்பாகப் பக்‌ஷீஷ் கேட்பார்கள், கேட்பதைத் தவறாக எடுக்காதீர்கள், ஆனால் ஒட்டகத்தில் ஏறும் முன் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். டிரோன் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும். சைவ உணவுக்குக் கவலை வேண்டாம்: அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை மேல் தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும் போட்ட கோஷரி தெருவெங்கும் கிடைக்கும், மொச்சை இனத்து அவரையில் செய்த ஃபூலும் வடை போன்ற தாமியாவும் காலை உணவுக்குப் போதும். முலுக்கியா என்ற கீரைக் குழம்பை மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் வேகிறது.

டிசம்பர் கடைசி வாரம் கப்பல் அறைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிறைந்துவிடும் என்பதால் முதலில் அதைப் பதிவு செய்து, அதன் தேதிக்கு ஏற்ப மற்றவற்றை அமையுங்கள். அம்மா இடையில் நிற்காமல் எத்தனை படி ஏறுகிறார், சக்கர நாற்காலியில் உட்கார ஒப்புக்கொள்வாரா என்பதை எழுதினால், லக்சர் மேற்குக் கரையின் இரண்டு காலைகளையும் அவருக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்கிறேன்.